முதலில் பிட், பிறகு மெஷின்: வீட்டு வேலைக்கான பவர் டூல்ஸ்

டிரில் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதும் அதைத்தான். அந்த எண், மெஷின் எவ்வளவு மின்சாரத்தை இழுக்கும் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு வேலை செய்யும் என்று சொல்லாது. வயரில் ஓடும் சாதாரண டிரில்லுக்குள் 600 வாட் போனால், அதில் ஏறத்தாழ பாதிதான் சுழலும் தண்டுக்கு வந்து சேரும். மிச்சம் சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். எதில் துளை போடப் போகிறோம், எதை அறுக்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் கிடைத்தால் எந்த பிட், அதாவது மெஷினின் முனையில் மாட்டும் துளைக்கம்பி, வேண்டும் என்று தெரிந்துவிடும். பிட் முடிவானால், அதைச் சுற்ற எந்த மெஷின் போதும் என்பதும் தெரிந்துவிடும். நடுத்தர மெஷினில் நல்ல பிட் செய்யும் வேலையை, உயர்ந்த மெஷினில் மாட்டிய மட்டமான பிட் செய்யவே செய்யாது.

இதனால்தான் நூறு துண்டுகள் அடுக்கிய கிட் பெட்டிகள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் திருப்புளி முனைகள். மீதியில் சுவர் பிட், மர பிட், இரும்பு பிட் எல்லாம் பேருக்கு இருக்கும். இரும்பில் இரண்டாவது துளையிலேயே நுனி நீலம் பாய்ந்துவிடும். அதற்குப் பதிலாக 6, 8, 10 மி.மீ. சுவர் பிட்டுகள் மூன்று, 2 முதல் 6 மி.மீ. வரை ஹெச்எஸ்எஸ் எனப்படும் இரும்பு பிட்டுகள் ஐந்து, நல்ல திருப்புளி முனைகள் நான்கு என்று பொறுக்கி வாங்கினால் வீட்டில் வரும் வேலைகளில் பெரும்பாலானவை முடிந்துவிடும்.

சுவரைத் தெரிந்துகொண்டு டிரில் வாங்குவது

கடையில் மூன்று வகை டிரில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருக்கும் சமாச்சாரம் வேறு.

சாதாரண டிரில் டிரைவர் சுற்றுவது மட்டும்தான் செய்யும். மரம், இரும்பு, பிளாஸ்டிக், ஸ்க்ரூ முடுக்குவது ஆகியவற்றுக்கு இது போதும். இம்பாக்ட் டிரில் எனப்படும் ஹேமர் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 40,000 முறைக்கு மேல் தட்டும். ஆனால் ஒவ்வொரு தட்டும் மிகச் சிறியது. நாம் அழுத்தினால்தான் பற்கள் ஒன்றோடொன்று சேரும். அதனால் இதில் உடல் பலம் போட்டே ஆக வேண்டும். செங்கல் சுவருக்கு இது தாராளமாகப் போதும்.

கான்கிரீட் வேறு விவகாரம். ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் ஒன்று காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு இரும்புக் குண்டைத் தள்ளி, குண்டு பிட்டின் பின்பக்கத்தை அடிக்கும். நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 அடிதான். ஆனால் வீட்டுக்கான சிறிய மெஷினிலேயே ஒவ்வொரு அடிக்கும் 2 ஜூல் அளவு ஆற்றல் இருக்கும். எண்ணிக்கை பத்தில் ஒன்று, அடியோ பல மடங்கு கனம். ஹேமர் டிரில்லை இரண்டு நிமிடம் நெஞ்சால் முட்டியும் இறங்காத 8 மி.மீ. துளை, இதில் பத்துப் பதினைந்து விநாடியில் இறங்கிவிடும். இதை அழுத்தவும் கூடாது. அதிகம் அழுத்தினால் பிஸ்டனின் அசைவு தடைபட்டு அடி குறையும். மெஷினின் எடையோடு லேசான தள்ளு போதும். இதற்கு எஸ்டிஎஸ் பிளஸ் என்ற பள்ளம் வெட்டிய காம்புள்ள பிட்தான் பொருந்தும். அந்தப் பள்ளத்தில் பிட் முன்னும் பின்னும் வழுக்கியாட வேண்டும் என்பதால், காம்பில் சிறிது கிரீஸ் தடவிச் செருகுவது நல்லது.

தூண், பீம், கூரைத் தளம் ஆகியவற்றில் துளை போடும் வேலை இருந்தால் ரோட்டரி ஹேமர் வாங்குங்கள், அல்லது ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். செங்கல் சுவர் மட்டும்தான் என்றால் ஹேமர் டிரில். சுவரையே தொடப் போவதில்லை, அலமாரியும் மேஜையும்தான் என்றால் பேட்டரி டிரில் டிரைவர்.

துளை போடும்போது பிட்டிலிருந்து கொட்டும் தூளைக் கவனித்தால் சுவர் தன் கதையைச் சொல்லும். முதலில் வருவது சாம்பல் நிறப் பூச்சுத் தூள். பிறகு சிவப்பாக மாறினால் செங்கலுக்குள் போய்விட்டோம் என்று அர்த்தம். சாம்பல் நிறமே நீடித்து, பிட்டும் சுலபமாக இறங்கினால் இரண்டு செங்கல்களுக்கு நடுவில் உள்ள கலவைச் சந்தில் இருக்கக்கூடும். ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் நைலான் பிளக் அங்கே நன்றாகப் பிடிக்காது. கான்கிரீட்டில் திடீரென்று முன்னேற்றம் நின்று, 'கிண்' என்ற சத்தமும் பளபளப்பான தூளும் வந்தால் கம்பியில் முட்டியிருக்கிறது. அதோடு சண்டை போட்டால் பிட் நுனியில் ஒட்டியிருக்கும் கார்பைடு துண்டுதான் பெயரும். துளையை மூன்று செ.மீ. தள்ளிப் போடுங்கள்.

உள்கூடான பிளாக் சுவரில் ஹேமரை அணைத்துவிட்டுச் சுற்று மட்டும் வைத்துத் துளையுங்கள். அடி விழுந்தால் உள்சுவர் சில்லாகப் பெயர்ந்து, முன்னால் 8 மி.மீ., பின்னால் 30 மி.மீ. என்று துளை கூம்பாக விரிந்துவிடும்.

சுவருக்குள் ஓடும் வயர், பொதுவாக சுவிட்ச் பெட்டியிலிருந்து நேர் மேலாகவோ நேர் பக்கவாட்டிலோ போகும். அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் 15 செ.மீ. விட்டுவிடுங்கள். தண்ணீர்க் குழாய்க்கும் இதே கணக்கு. சுவரில் வைத்துப் பார்க்கும் டிடெக்டர் உதவும், ஆனால் ஆழத்தில் இருப்பதைக் கோட்டைவிடவும் செய்யும். சந்தேகம் இருந்தால் அந்த அறையின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, மெஷினுக்கு வேறு லைனிலிருந்து எடுங்கள்.

பிளக் ஏன் உருவிக்கொண்டு வருகிறது

நைலான் பிளக்கை 1958இல் ஆர்தர் ஃபிஷர் உருவாக்கினார். ஸ்க்ரூ உள்ளே போகப் போக பிளக் விரிந்து துளையின் சுவரை நெருக்கும். அந்த உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே விரியும் இடம் பலமான பொருளுக்குள் இருக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

கணக்காகப் பார்ப்போம். 8 மி.மீ. பிளக், நீளம் 40 மி.மீ. சுவரில் பூச்சு 15 மி.மீ. பிளக்கைச் சுவரின் மட்டத்துக்கு வைத்தால் செங்கலுக்குள் இருப்பது வெறும் 25 மி.மீ. ஒரு கண்ணாடிச் சட்டத்துக்கு இது சரி. புத்தக அலமாரிக்குச் சரிவராது. அதற்கு 60 மி.மீ. நீள பிளக் போடுங்கள், அல்லது 40 மி.மீ. பிளக்கை பூச்சைத் தாண்டி உள்ளே தட்டி இறக்கி, அதற்கேற்ப நீளமான ஸ்க்ரூ போடுங்கள்.

துளையின் ஆழம் பிளக் நீளத்தைவிட 10 மி.மீ. அதிகம் வேண்டும். கீழே தங்கும் தூளுக்கும், வெளியே நீட்டும் ஸ்க்ரூ நுனிக்கும் அந்த இடம். பிட்டில் அளந்து ஒரு டேப் சுற்றிவிட்டால் ஆழம் பிசகாது. ஸ்க்ரூவின் நீளம்: பிளக் நீளம், மாட்டும் பொருளின் தடிமன், ஸ்க்ரூவின் விட்டம் மூன்றையும் கூட்டுங்கள். 40 மி.மீ. பிளக், 3 மி.மீ. தகடு, 5 மி.மீ. ஸ்க்ரூ என்றால் 48. கடையில் 50 மி.மீ. கேளுங்கள். நுனி பிளக்கைத் தாண்டி வெளியே வந்தால்தான் பிளக் முழுதாக விரியும். 6 மி.மீ. பிளக்குக்கு 4 முதல் 5 வரையும், 8 மி.மீ. பிளக்குக்கு 5 முதல் 6 வரையும் தடிமனுள்ள ஸ்க்ரூ பொருந்தும்.

துளைத்து முடித்ததும் தூளை வெளியே எடுக்காமல் பிளக்கை அடித்தால், அது தூள்மேல் வழுக்கிக்கொண்டு உட்காரும். பழைய டூத்பிரஷ், காற்றடிக்கும் சிறு பம்பு எது இருந்தாலும் சரி. வாயால் மட்டும் ஊதாதீர்கள், அத்தனையும் கண்ணுக்குள் வரும்.

டைல்ஸ் ஒட்டிய சுவரில் ஹேமர் சுவிட்ச் அணைந்திருப்பதை இருமுறை பாருங்கள். ஈட்டி முனையுள்ள டைல் பிட், குறைந்த வேகம், வழுக்காமலிருக்க ஒரு துண்டு டேப். கடினமான விட்ரிஃபைடு டைலில் ஈட்டி முனை மழுங்கிவிடும். அதற்கு வைரத்தூள் பதித்த குழாய் பிட்டும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் வேண்டும். டைலைத் தாண்டிய பிறகு சுவர் பிட்டுக்கு மாறி ஹேமரைப் போடலாம். டைலின் ஓரத்தை ஒட்டித் துளை போட்டால் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். பிளக்கும் டைலின் தடிமனைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும். டைலுக்குள்ளேயே விரிந்தால், ஸ்க்ரூவை இறுக்கும் கடைசிச் சுற்றில் 'டக்' என்று பிளந்துவிடும்.

இரும்பில் அவசரம் ஆகாது

இரும்பில் துளை விழாததற்குப் பெரும்பாலும் காரணம் அதிக வேகம். வேகமாகச் சுற்றினால் பிட்டின் நுனி சூடேறிக் கூர்மை போய்விடும்; அப்புறம் துளைப்பதற்குப் பதில் தேய்க்க மட்டுமே செய்யும். சாதாரண இரும்புக்கு பிட்டின் விளிம்பு நிமிடத்துக்கு 25 மீட்டர் அளவு ஓடினால் போதும். இதிலிருந்து சுற்று வேகத்தைக் கணக்கிட: 25,000ஐ 3.14ஆலும் பிட்டின் மி.மீ. விட்டத்தாலும் வகுக்க வேண்டும். 3 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு சுமார் 2,650 சுற்று, 6 மி.மீ.க்கு 1,300, 10 மி.மீ.க்கு 800. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இதில் பாதி.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இன்னொரு குணம் உண்டு. வெட்டாமல் தேய்த்தால் தேய்த்த இடம் இன்னும் கடினமாகிவிடும். பயந்து பயந்து லேசாக வைத்தால் ஒருபோதும் துளை விழாது. மெதுவான சுற்று, கனமான அழுத்தம், ஒரு சொட்டு எண்ணெய், சுருள் சுருளாகச் சீவல் வர வேண்டும். தூளாக வந்தால் பிட் மழுங்கிவிட்டது. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டால் சீவல் பிட்டில் ஒட்டாது.

துளை போடும் இடத்தில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியால் ஒரு குழி தட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஓடும். 10 மி.மீ. துளைக்கு முதலில் 3 அல்லது 4 மி.மீ. வழித்துளை. பொருளைக் கையில் பிடிக்கவே கூடாது, கிளாம்ப் போடுங்கள். மறுபக்கம் பிட் எட்டிப்பார்க்கும் அந்தக் கணத்தில்தான் விளிம்பு கவ்விக்கொண்டு தகடு விசிறி மாதிரி சுற்றும். 10 மி.மீ.க்கு மேல் போனால் பக்கக் கைப்பிடியை மாட்டுங்கள். கவ்வும்போது மணிக்கட்டைத் திருகாமல் காப்பது அதுதான். டிரில்லோடு கையுறை வேண்டாம். சுழலும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

மெஷின் சுற்றுகிறது, புகை வருகிறது, துளை மட்டும் விழவில்லை என்றால் புதிய பிட் வாங்க ஓடுவதற்கு முன் திசை மாற்றும் சுவிட்சைப் பாருங்கள். பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும். அனுபவசாலிகளையும் அவமானப்படுத்தும் சுவிட்ச் அது.

மரமும் ஸ்க்ரூவும்

மரத்தில் ஸ்க்ரூவை நேரடியாக முடுக்கினால் ஓரத்தில் மரம் பிளந்துவிடும், நடுவில் ஸ்க்ரூவின் தலை உடையும். மரையின் உள் தண்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு வழித்துளை போட வேண்டும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மென்மரத்தில் 2.5, கடினமரத்தில் 3 மி.மீ. இரண்டு பலகைகளைச் சேர்க்கும்போது மேல் பலகையில் ஸ்க்ரூ தளர்வாகப் போகும்படி 4 மி.மீ. துளை வேண்டும். மேல் பலகையிலும் மரை பிடித்துக்கொண்டால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி அப்படியே நிலைத்துவிடும்; எவ்வளவு முடுக்கினாலும் நெருங்காது.

கறுப்பான ஜிப்சம் போர்டு ஸ்க்ரூக்களை அலமாரிக்குப் போடாதீர்கள். கடினமாக்கிய எஃகு என்பதால் வளையாது, ஒடிந்துவிடும். ஸ்க்ரூ தலையில் உள்ள கூட்டல் குறியும் எல்லாம் ஒன்றல்ல. கூட்டலுக்கு நடுவே சாய்வாக நான்கு மெல்லிய கோடுகள் இருந்தால் அது பிஇசட் வகை, இல்லாவிட்டால் பிஹெச். பிஹெச் முனையை பிஇசட் தலையில் வைத்தால் பொருந்துவது போலத்தான் இருக்கும், அழுத்திச் சுற்றும்போது வழுக்கித் தலையைத் தின்றுவிடும். 3.5 முதல் 5 மி.மீ. வரை ஸ்க்ரூக்களுக்கு எண் 2 முனை.

டிரில்லின் கழுத்தில் உள்ள எண் வளையம் கிளட்ச், குறித்த அளவு இறுகியதும் சுற்றை விடுவிப்பது. எண் குறைவாக வைத்துத் தொடங்கி, தலை பலகையின் மட்டத்துக்கு வந்து நிற்கும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். துளை போடும்போது மட்டும் பிட் படம் போட்ட இடத்துக்கு மாற்ற வேண்டும். இதை மறந்தால் மெஷின் 'கர கர' என்று சத்தம் போட்டு நிற்கும். பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

இம்பாக்ட் டிரைவர் என்ற குட்டையான மெஷின் வேறு. நீளமான ஸ்க்ரூக்களையும் மர போல்ட்டுகளையும் பக்கவாட்டு அடியால் முடுக்குவது அதன் வேலை. கிளட்ச் கிடையாது, மென்மையான வேலைக்கு ஆகாது. பெயரைப் பார்த்து அதனால் சுவரில் துளை போடலாம் என்று வாங்குகிறவர்கள் ஏராளம். அதன் அடி பிட்டைத் திருப்பும் திசையில்தான் விழும், சுவரை நோக்கி விழாது.

ஆங்கிள் கிரைண்டர்: மரியாதையோடு தொட வேண்டியது

முதல் மெஷினாக ஆங்கிள் கிரைண்டரை வாங்காதீர்கள் என்பது என் கருத்து. இரும்பு அறுக்க, வெல்டிங் மேட்டைத் தேய்க்க, டைல் வெட்ட இதைவிட உதவியானது இல்லை. வீட்டுக் கருவிகளில் இதைவிடக் கொடூரமாகக் காயப்படுத்துவதும் அபூர்வம்.

125 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு விநாடிக்கு 72 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு 260 கிலோமீட்டர். சாதாரண கட்டிங் வீல்கள் தாங்கும் உச்சவரம்பு விநாடிக்கு 80 மீட்டர். இப்போது கவசத்தைக் கழற்றிவிட்டு 180 மி.மீ. வீலை அதே மெஷினில் மாட்டினால் விளிம்பு வேகம் 104 மீட்டர். வீல் அந்த வேகத்துக்குச் செய்யப்படவில்லை. வெடித்தால் துண்டுகள் பறந்து வரும் வழியில் நிற்பது மாட்டியவரின் முகம்தான். வீலில் அச்சடித்துள்ள உச்ச சுற்று, மெஷினில் எழுதியுள்ள சுற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும், 125 மி.மீ. வீலில் பொதுவாக 12,250 என்றிருக்கும்.

வீலின் நடு வளையத்தில் ஒரு தேதியும் இருக்கும். துகள்களைப் பிணைக்கும் ரெசின் ஈரத்தாலும் காலத்தாலும் பலமிழக்கும் என்பதால் அது காலாவதித் தேதி. தேதி தாண்டியது, கீழே விழுந்தது, ஓரம் பெயர்ந்தது எதுவானாலும் குப்பைக்கு. புதிய வீலை மாட்டியதும் ஆள் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள்.

1 மி.மீ. கட்டிங் வீல் அறுக்க மட்டும்தான். அதன் பக்கத்தால் தேய்த்தால் வளைந்து நொறுங்கும். தேய்க்க 6 மி.மீ. கிரைண்டிங் வீல் தனியாக உண்டு, அதை 15 முதல் 30 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். மரம் அறுக்கும் பல் வட்டு கிரைண்டருக்கும் கிடைக்கிறது. கிடைப்பதாலேயே மாட்டலாம் என்று ஆகிவிடாது. மரக் கணுவில் ஒரு பல் கவ்வினால் மெஷின் கையைவிட்டுத் துள்ளும். ரம்பத்தில் உள்ள ஆழக்கட்டுப்பாடோ, தானாக மூடும் கவசமோ இதில் இல்லை.

துள்ளலுக்கு முக்கியக் காரணம் வெட்டு வாய் மூடிக்கொள்வது. குழாயின் இரு முனைகளையும் தாங்கு வைத்து நடுவில் அறுத்தால், வெட்டு ஆழமாக ஆக நடுப்பகுதி கீழே தொய்ந்து வீலை இடுக்கிவிடும். ஒரு முனையைக் கிளாம்பில் இறுக்கி, அறுபடும் துண்டு வெளியே தொங்கும்படி வைத்தால் வாய் திறந்துகொண்டே போகும். வீலின் தளத்துக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். இரண்டு கை, பக்கக் கைப்பிடி, உடலுக்கும் வீலுக்கும் நடுவில் கவசம்.

தீப்பொறி பல மீட்டர் பறக்கும். பெயின்ட், தின்னர், மரத்தூள், துணி எதுவும் அந்தப் பக்கம் கூடாது. வேலை முடித்து அரை மணி நேரம் கழித்தும் ஒரு முறை அந்த இடத்தைப் பாருங்கள். அதிகம் பேர் யோசிக்காத ஒன்று: பொறி ஜன்னல் கண்ணாடியிலோ டைலிலோ பட்டால், உருகிய இரும்புத் துகள் அதில் பதிந்துவிடும். பிறகு துருப்பிடித்துப் புள்ளிப் புள்ளியாக நிற்கும், துடைத்தால் போகாது. முன்கூட்டியே ஈரத் துணியால் மறையுங்கள். சாதாரண இரும்பை அறுத்த வீலால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தொட்டாலும் இதே துருக்கறை வரும். அதற்கென்று தனி வீல் வையுங்கள்.

டைலுக்கு விளிம்பு தொடர்ச்சியாக உள்ள வைர வட்டு, கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் இடைவெளி விட்ட வைர வட்டு. ஒரே மூச்சில் ஆழமாக இறக்காமல் இரண்டு மூன்று தடவையாக அறுங்கள். நன்றாக அறுத்த வட்டு திடீரென்று வழுக்கினால் வைரம் தீர்ந்துவிட்டது என்று எறிய வேண்டாம். வைரத்தைச் சுற்றியுள்ள உலோகம் மழமழவென்று மூடியிருக்கும். சொரசொரப்பான மணல் செங்கல்லில் நாலைந்து முறை ஓட்டினால் புதிய வைரம் வெளியே வரும்.

ரம்பங்கள்

நேர்க்கோட்டுக்கு வட்ட பிளேடு சுழலும் சர்க்குலர் சா, வளைவுக்கு மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடும் ஜிக்சா. ப்ளைவுட் முழு ஷீட்டை நேராக வெட்டப் போகிறவர் ஜிக்சா வாங்கினால் வருத்தப்படுவார். அதன் பிளேடு ஒரு பக்கம்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது. தடித்த மரத்தில் மேலே கோட்டின்மேல் போய்க்கொண்டிருக்கும்போதே அடியில் வளைந்து விலகியிருக்கும்.

சர்க்குலர் சாவில் பிளேடின் ஆழத்தைப் பலகையின் தடிமனைவிட ஒரு பல் அளவு, சுமார் 5 மி.மீ., மட்டும் அதிகமாக வையுங்கள். 184 மி.மீ. பிளேடில் 24 பல் இருந்தால் நார் வாக்கில் கிழிக்க. 40 பல் பொது வேலைக்கு. 60 பல் ப்ளைவுட்டுக்கு. பற்கள் கீழிருந்து மேலாக வெட்டுவதால் மேல்பக்கம்தான் சிலாம்பாகப் பெயரும். ஆகவே நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுங்கள். மேலேதான் வைக்க வேண்டுமென்றால் வெட்டுக் கோட்டில் டேப் ஒட்டி, கத்தியால் ஆழமாக ஒரு கீறல் போட்டுவிடுங்கள்.

நேராக வர, ஒரு நேரான ரீப்பரைக் கிளாம்ப் போட்டு அதன் ஓரமாக மெஷினை ஓட்ட வேண்டும். ரீப்பரை எவ்வளவு தள்ளி வைப்பது? ஒரு வேண்டாத பலகையில் இப்படி ஓட்டி வெட்டிப் பார்த்து, ரீப்பரிலிருந்து வெட்டு வரை அளந்து அந்த எண்ணை மெஷின்மேலேயே எழுதி வையுங்கள். பிளேடு மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும். பிளேடே 2 மி.மீ. அளவு மரத்தைத் தின்னும் என்பதால் அந்தத் தடிமன் கழிவுப் பக்கம் விழ வேண்டும். இதை மறந்து நான்கு தட்டுகள் வெட்டினால் நான்காவது 6 மி.மீ. குறையும்.

முழு ஷீட்டை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வைத்து அறுப்பது, மேலே சொன்ன வாய் மூடும் கதைதான். தரையில் 50 மி.மீ. தெர்மாகோல் பரப்பி, அதன்மேல் ஷீட்டை வைத்து அறுத்தால் இரு பக்கமும் கடைசி வரை தாங்கப்பட்டிருக்கும், துணைக்கு ஆளும் வேண்டாம். கோடு விலகினால் மெஷினைத் திருகித் திருத்தாதீர்கள். நிறுத்தி, பிளேடு நின்றதும் பின்னால் எடுத்து, மறுபடி தொடங்குங்கள். வெட்டு ஓரம் கருகியிருந்தால் பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது பல்லில் பிசின் ஒட்டியிருக்கும், அல்லது தயங்கித் தயங்கித் தள்ளியிருப்பீர்கள்.

ஜிக்சாவில் பிளேடு முன்னும் பின்னும் எவ்வளவு ஆட வேண்டும் என்று குறிக்கும் 0 முதல் 3 வரையான ஆர்பிட்டல் எண்ணை, இரும்புக்கும் சுத்தமான வெட்டுக்கும் 0வில் வையுங்கள். தகடு அறுக்கும்போது அதன் தடிமனுக்குள் குறைந்தது இரண்டு பற்களாவது இருக்கும்படி நுண்ணிய பிளேடு வேண்டும், இல்லாவிட்டால் பல் மாட்டிப் பிய்யும். மெல்லிய தகடு என்றால் இரண்டு ப்ளைவுட் துண்டுகளுக்கு நடுவில் வைத்து மூன்றையும் சேர்த்து அறுக்கலாம்.

மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேண்டம் ஆர்பிட் வகை, 125 மி.மீ. உப்புத்தாளின் எண் 80, 120, 180 என்ற வரிசையில் போங்கள். நடுவில் ஒன்றைத் தாண்டினால் முந்தைய கீறல் பாலிஷ் அடித்த பிறகுதான் தெரியும். பலகைமேல் பென்சிலால் கிறுக்கி, அது முழுக்க அழிந்ததும் அடுத்த எண்ணுக்கு மாறுங்கள். அழுத்தாதீர்கள், அழுத்தினால் சுழற்சி நின்று பன்றிவால் மாதிரி சுருள் கீறல்கள் விழும். ப்ளைவுட்டின் மேல் ஒட்டிய வெனீர் என்ற மெல்லிய மர அடுக்கு அரை மி.மீ. கூட இருக்காது; 80ஆம் எண் தாளை அதன்மேல் வைத்தால் அடுத்த அடுக்கு எட்டிப்பார்க்கும். நேராக 180.

பேட்டரியா, வயரா

18 வோல்ட் என்றும் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் இரண்டு பெயர்களில் விற்பது ஒன்றேதான். ஐந்து செல்கள் வரிசையில். ஒவ்வொன்றும் சராசரி 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4ஐச் சற்றுத் தாண்டும். ஐந்தால் பெருக்கினால் 18, ஏறத்தாழ 20. அதே போல 10.8ம் 12ம் ஒன்று. எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு வோல்ட்டை ஆம்ப்-ஹவரால் பெருக்குங்கள்: 18 வோல்ட், 2 ஆம்ப்-ஹவர் என்றால் 36 வாட்-ஹவர், 5 என்றால் 90. கிரைண்டரும் சர்க்குலர் சாவும் 2 ஆம்ப்-ஹவர் பேட்டரியைச் சில நிமிடங்களில் காலி செய்துவிடும்.

முதல் பேட்டரி மெஷின் வாங்கும்போது உண்மையில் வாங்குவது அந்த நிறுவனத்தின் பேட்டரி வகையைத்தான். பின்னால் வரும் மெஷின்கள் அதற்குள்தான் அடங்க வேண்டும். அதனால் அந்த வரிசையில் வேறு என்னென்ன மெஷின் இருக்கிறது, பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். அடிக்கடி எடுக்கும் டிரில் டிரைவர் பேட்டரியிலும், எப்போதாவது எடுக்கும் கிரைண்டர், ரோட்டரி ஹேமர் போன்றவை வயரிலும் இருப்பதே வீட்டுக்குச் சரியான பங்கீடு. சும்மா கிடக்கும் பேட்டரி வயதாகும், சும்மா கிடக்கும் வயர் வயதாவது அரிது. பேட்டரியை மாதக்கணக்கில் எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வேலை செய்து சூடாக இருக்கும்போதே சார்ஜரில் செருகாதீர்கள்.

வயர் மெஷினுக்கு எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கினால் 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் உள்ளதாகப் பாருங்கள். சுருள் டிரம் என்றால் முழுவதையும் வெளியே இழுத்துவிட்டுத்தான் கிரைண்டரை ஓட்ட வேண்டும். சுற்றியபடியே ஓட்டினால் வெப்பம் வெளியேற வழியின்றி உள்சுற்று உருகும். மெஷினின் லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டை இன்சுலேஷன், எர்த் பின் இல்லாதது குறை அல்ல. ஆனால் வீட்டு லைனில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கு விழும் பிரேக்கர் இருக்கட்டும்.

பாதுகாப்புக் கண்ணாடி எல்லாவற்றுக்கும், கிரைண்டருக்கு அதன்மேல் முகக்கவசமும். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது ஒரு வரம்பு. அதன்மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்; 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கிரைண்டரும் ரோட்டரி ஹேமரும் அந்த அளவுக்குச் சுலபமாகப் போகும். தூளைப் பொறுத்தவரை துணி மாஸ்க் வெறும் அலங்காரம். கல், கான்கிரீட்டிலிருந்து வரும் சிலிக்கா தூளும் மரத்தூளும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் பட்டியலில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், உள்ளவை. என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது.

வயர் மெஷின் ஒரு நாள் விட்டுவிட்டு ஓடத் தொடங்கினால், அல்லது காற்றுத் துவாரம் வழியாகப் பொறி வழக்கத்தைவிட அதிகம் தெரிந்தால், முதலில் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். பல மெஷின்களில் இரு பக்கமும் ஒரு திருகு மூடி, அதைக் கழற்றினாலே வெளியே வரும். மின் பிளக்கை உருவிவிட்டுக் கழற்றுங்கள். நீளம் 5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது சீக்கிரம் தேயும். மாற்றிய பிறகு பத்து நிமிடம் பாரமில்லாமல் ஓடவிட்டால் பிரஷ்ஷின் முகம், அது உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிந்துவிடும். அதற்குப் பிறகும் பொறி ஒரு வளையமாகச் சுற்றி ஓடினால் கோளாறு மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரில். அதை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.